மூக்குப் போன பருப்பு

ஆனி மாதக் கடைசியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் மல்லாட்டை உடைப்பு நடக்கும். பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண் கொல்லைக்காரர்களுக்கு நிலக்கடலை என்றால் மல்லாட்டைதான். மணிலாக்கொட்டை என்ற பெயர் வாயில் புரண்டு புரண்டு மல்லாட்டை ஆகிவிட்டது. ஆடிப்பட்டத்துக்கு ஏக்கருக்கு 50 கிலோவுக்கு மேல் விதைப் பருப்பு வேண்டும். அத்தனையும் கையால்தான் உடைக்க வேண்டும். தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வந்து உட்கார்ந்து விடுவார்கள். நடுவில் அரிக்கேன் விளக்கு. என் ஆயாவின் முன்னால் இரண்டு முறங்கள் இருக்கும். ஒன்று விதைக்கு, இன்னொன்று செக்குக்கு.

எட்டு வயதுப் பையனாக நானும் உட்கார்ந்து உடைப்பேன். நான் போடுகிற பருப்பை ஆயா விரலால் கிளறிப் பார்த்து, நாலைந்தை எடுத்துச் செக்கு முறத்தில் எறிவாள்.

"ராசா, மூக்குப் போனத விதையில போடாத. மண்ணுக்குள்ள போனா அழுகித்தான் போவும்."

"பருப்பு முழுசாத்தானே ஆயா இருக்கு?"

"முழுசா இருந்து என்ன பண்றது? எழுந்திரிக்கிறது அந்த மூக்குதான். மத்ததெல்லாம் அதுக்குச் சோறு."

அதற்கு ஐந்தாறு வருடம் கழித்துப் பள்ளியில் தாவரவியல் பாடம் வந்தது. ஆசிரியர் கரும்பலகையில் ஒரு விதையை வரைந்து, அம்புக்குறி போட்டுப் பெயர் எழுதினார். விதையுறை, வித்திலை, முளைவேர், முளைக்குருத்து. அப்படியே எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். பிறகு நானே தாவரவியல் ஆசிரியராகி, அதே படத்தை 31 வருடம் கரும்பலகையில் வரைந்தேன். ஆயாவின் மூக்கும் புத்தகத்தின் முளைவேரும் ஒன்றே என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் தெரிந்திருப்பது வேறு, வேண்டிய நேரத்தில் அது கைக்கு வருவது வேறு. இதை நான் கற்றுக்கொண்டது பணி ஓய்வுக்குப் பிறகுதான். அதற்குக் கொடுத்த விலை ஒரு கொல்லை விதைப்பு. அதைச் சொல்வதற்கு முன், கனி, விதை என்ற இரண்டு சொற்களையும் கொஞ்சம் நிதானமாகப் பார்த்துவிட வேண்டும். பலரும் பள்ளியோடு விட்டுவிட்ட சொற்கள் இவை.

பூவின் அடியில் இருக்கும் சிறு பைக்குச் சூற்பை என்று பெயர். அதற்குள் இருப்பது சூல். மகரந்தம் சேர்ந்து கரு உண்டானதும் சூல் விதையாகிறது, சூற்பை கனியாகிறது. அடிப்படை இவ்வளவுதான். ஆனால் அந்தச் சொல்லைப் பாருங்கள். பெண் கருவுற்றால் சூல் கொண்டாள் என்கிறோம். மழை சுமந்த மேகத்தைச் சூல் கொண்ட மேகம் என்கிறோம். பூவுக்குள் நடப்பதற்கும் அதே சொல்தான். இந்தச் சொல்லை விளக்கப் படம்கூட வேண்டாம். வகுப்பில் நான் இதைச் சொன்னபோதெல்லாம் பிள்ளைகளின் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும்.

சூற்பைதான் கனி என்று தெரிந்தால், வேர்க்கடலை என்ற பெயர் நம்மை ஏமாற்றியிருப்பதும் தெரிந்துவிடும். கடலை வேரில் காய்ப்பதில்லை. விதைத்து 25, 30 நாளில் செடியின் கணுவில் மஞ்சள் பூ பூக்கும். விடியற்காலையில் விரிந்து, வெயில் ஏறினால் வாடிவிடும். வாடிய பூவின் அடியிலிருந்து சில நாளில் ஊசிபோல் ஒரு காம்பு நீளத் தொடங்கும். நுனி கொஞ்சம் கூர்மையாக, ஊதா படிந்து இருக்கும். கருவுற்ற சூலைத் தன் நுனியில் ஏந்திக்கொண்டு அது வானத்தைப் பார்க்காமல் மண்ணைப் பார்த்து வளரும். எங்கள் ஊரில் இதை விழுது இறங்குகிறது என்பார்கள். மண்ணுக்குள் போய், இருட்டில் கிடைமட்டமாகத் திரும்பிய பிறகுதான் நுனி பருத்துக் காயாகும். மேல் கணுவில் பூத்து, மண்ணை எட்ட முடியாத விழுது காயாகாமலே காய்ந்துவிடும். 45-ஆம் நாள் வாக்கில் ஜிப்சம் போட்டு மண் அணைப்பது இதற்காகத்தான். அதற்கு மேல் கொல்லையில் களைக்கொட்டு வைக்க விடமாட்டார்கள். விழுது அறுந்தால் அந்தக் காய் போயிற்று.

நல்ல ஈரம் இருக்கிற நாளில் காலையில் போய்க் குனிந்து உட்கார்ந்து, இறங்கிக்கொண்டிருக்கும் ஒரு விழுதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். நுனியில் ஒரு பொட்டு மண் ஒட்டியிருக்கும். மறுநாள் போனால் அந்த நுனி கண்ணுக்குத் தெரியாது. கடலைச் செடி தன் பிள்ளையைத் தானே கொண்டுபோய் விதைத்துவிட்டு நிற்கிறது.

தக்காளி பழமா காய்கறியா என்ற கேள்வியை மேல்நாட்டுக்காரர்கள் நீதிமன்றம் வரைக்கும் கொண்டு போனார்கள். 1893-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தாவரவியல்படி பழம்தான், ஆனால் மக்கள் புழக்கத்தில் காய்கறி, ஆகவே காய்கறிக்கு உரிய இறக்குமதி வரி செல்லும் என்று. தமிழில் இந்த வழக்கே எழுந்திருக்காது என்பது என் எண்ணம். நமக்குக் காயும் பழமும் இரண்டு வகைப் பொருள்கள் அல்ல, ஒரே பொருளின் இரண்டு வயது. கத்தரிக்காய், வெண்டைக்காய், முருங்கைக்காய், பூசணிக்காய் என்று சொல்லும்போதே, பூவிலிருந்து வந்தது, இன்னும் பழுக்கவில்லை என்ற செய்தி அதற்குள் இருக்கிறது. கீரையையோ கிழங்கையோ நாம் காய் என்று தனித்து அழைப்பதில்லை. தாவரவியல் கனி என்று எதைச் சொல்கிறதோ, அதையேதான் சமையற்கட்டில் நம் பெண்கள் காய் என்று பெயர் சொல்லி அழைத்துவந்தார்கள்.

வயதுக்கு வயது பெயர் வைத்தது அதோடு நிற்கவில்லை. மாம்பிஞ்சு வடு. பலாப்பிஞ்சு மூசு. வாழைப்பிஞ்சு கச்சல். எள்ளின் இளங்காய் கவ்வை. தென்னைக்கும் பனைக்கும் குரும்பை. தேவநேயப் பாவாணர் (1902–1981) இப்படிப்பட்ட சொற்களைப் பட்டியலிட்டு வைத்திருக்கிறார். முற்றாமல் சூட்டில் பழுத்தது வெம்பல், குழகுழத்துப் போனது அளியல், சுருங்கியது சிவியல் என்று கெட்டுப்போனதற்குக்கூட விதவிதமாகப் பெயர் உண்டு. விதையிலும் அப்படியே. கத்தரிக்கு விதை, வேம்புக்கும் ஆமணக்குக்கும் முத்து, மாவுக்குக் கொட்டை. இது சொல் அலங்காரம் இல்லை. வெம்பலையும் நல்ல பழுப்பையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவன் தோப்பைக் குத்தகைக்கு எடுக்க முடியாது. பிழைப்புக்கு வேண்டியிருந்ததால் பிறந்த சொற்கள் இவை. இன்றைக்கு வடு மட்டும் ஊறுகாய் ஜாடியில் பிழைத்துக் கிடக்கிறது. மூசும் கவ்வையும் அகராதியில் தூங்குகின்றன. எனக்கு இது ஆறாத வருத்தம்.

ஆனால் நம் பழஞ்சொல் மட்டும் போதும் என்று சொல்லமாட்டேன். கொட்டை என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். மாங்கொட்டையை விதை என்றுதான் நாமெல்லாம் நினைக்கிறோம். தாவரவியல் இங்கே கையைப் பிடித்து நிறுத்துகிறது. கனியின் சுவருக்கு மூன்று அடுக்கு உண்டு: வெளியுறை, நடுவுறை, உள்ளுறை. மாம்பழத்தின் தோல் வெளியுறை. நாம் தின்னும் சதை நடுவுறை. நார் ஒட்டிய கெட்டியான ஓடு உள்ளுறை. அந்த ஓட்டை உடைத்தால் உள்ளே மெல்லிய தோலோடு இருக்கும் பருப்புதான் விதை. ஆகவே கொட்டையின் ஓடு பழத்தின் பங்கு, பருப்பு மட்டும்தான் அடுத்த மரத்தின் பங்கு. தேங்காயிலும் இதே கதைதான். மட்டை நடுவுறை, சிரட்டை உள்ளுறை. நெல்லில் அந்தச் சுவர் விதையோடு பிரிக்க முடியாமல் ஒட்டிப் போய்விட்டது. அரிசி தீட்டும்போது தவிடாக உதிர்வதில் அதுவும் சேர்ந்துதான் உதிர்கிறது.

பலாவுக்கு வருகிறேன். பண்ருட்டிக்காரன் பலாவைப் பற்றிப் பேசாமல் எப்படி? கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, கத்தியிலும் தடவிக்கொண்டு பழத்தை இரண்டாகப் பிளந்து வையுங்கள். நடுவில் தண்டு. அதைச் சுற்றிச் சுளையும் சடையும். நாம் ஒரு பழம் என்று விலை பேசி வாங்குவது உண்மையில் ஒரு பழம் அல்ல, நூற்றுக்கணக்கான பூக்களின் குடும்பம். மரத்தில் பலா பூத்ததைப் பார்த்தவர் இல்லை என்பார்கள். சின்னச் சின்னப் பெண்பூக்கள் ஒரே தண்டில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பதை நாம் பிஞ்சு என்று நினைத்துக் கடந்துவிடுகிறோம், அவ்வளவுதான். கருவுற்ற ஒவ்வொரு பூவும் ஒரு சுளை. பூவிதழே சதையாகப் பருத்துக் கொட்டையைச் சுற்றிக்கொள்கிறது. கருவுறாத பூக்கள்தான் சடை. தோலின் மேல் இருக்கும் ஒவ்வொரு முள்ளும் ஒரு பூவின் நுனி. இதற்குக் கூட்டுக்கனி என்று பெயர். அன்னாசியும் இந்த வகைதான். சீத்தாப்பழம் வேறு. அது ஒரே பூவின் பல சூற்பைகள் ஒட்டி வளர்ந்தது, திரள்கனி.

முள் பூவின் நுனி என்று அறிந்த நாளில்தான் காரிநாயனாரின் கணக்கதிகாரத்தில் இருக்கும் ஒரு கணக்கு எனக்குப் புரிந்தது. பலாவை அறுக்காமலே சுளையின் எண்ணிக்கையைச் சொல்லும் வழி அது. காம்பை ஒட்டியுள்ள சிறுமுட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்கச் சொல்கிறது. நான் சில பழங்களில் செய்து பார்த்தேன். சிலவற்றில் நெருங்கி வந்தது, சிலவற்றில் நன்றாகவே விலகியது. கணக்கு பலித்ததா என்பதைவிட, முள்ளுக்கும் சுளைக்கும் உறவு இருக்கிறது என்று ஒரு கண் கண்டுகொண்டதே, அதுதான் எனக்குப் பெரிதாகப்பட்டது.

பக்கத்திலேயே முந்திரித் தோப்பு. விதையை வெளியே தொங்கவிட்ட பழம் என்று பிள்ளைகள் முந்திரியைச் சொல்வார்கள். மஞ்சளும் சிவப்புமாகச் சாறு ஒழுகும் அந்தப் பழம் சூற்பையிலிருந்து வந்ததே இல்லை. அது பூவின் காம்பு பருத்தது, போலிக்கனி. அடியில் தொங்கும் கொட்டைதான் உண்மையான கனி. அதன் ஓட்டுக்குள் தோலைப் புண்ணாக்கும் காரமான எண்ணெய் இருக்கிறது. அதற்கும் உள்ளே பத்திரமாக இருக்கிறது விதை, அதாவது நம் பருப்பு. இனிப்பைக் காம்பில் வைத்துக் காரத்தை ஓட்டில் வைத்தது எவ்வளவு நுட்பமான ஏற்பாடு! வௌவால் பழத்துக்காகத் தூக்கிக்கொண்டு போய்ச் சதையைத் தின்றுவிட்டுக் கொட்டையைத் தொலைவில் போட்டுவிடுகிறது.

அத்தியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அரிதாக நடப்பதை அத்தி பூத்தாற்போல என்கிறோம். அத்தி ஒவ்வொரு முறை காய்க்கும்போதும் பூக்கத்தான் செய்கிறது. நாம் காய் என்று பார்க்கிற அந்த உருண்டைக்குள்தான் பூக்கள் அத்தனையும் இருக்கின்றன. நுனியில் இருக்கும் சிறு துளை வழியாக நுழைந்து மகரந்தம் சேர்க்கிற குளவி ஒன்று உண்டு. அதற்குத் தெரியும் அத்தி எப்போது பூக்கிறது என்று.

இனி விதைக்குள் போவோம். ஆயா சொன்ன சோறு எது? கடலையில் அது பருப்பின் இரண்டு பாதிகள். அவைதான் வித்திலைகள். இரண்டு இருப்பதால் இருவித்திலைத் தாவரம். அவரை, துவரை, புளி, மா எல்லாம் இந்தக் கூட்டம். முளைக்கிற பிள்ளைக்கு இலை விட்டுத் தானே சமைத்துக்கொள்ளும் வரைக்கும் அந்தப் பருப்புதான் கட்டுச்சோறு. கொண்டைக்கடலைக்கு மூக்கடலை என்று பெயர் வைத்தவர்கள் நம் ஊர்க்காரர்கள். அந்த மூக்குக்குள் இருப்பதும் முளைவேர்தான். ஊறவைத்து முளைகட்டிப் பாருங்கள், வெள்ளை முளை அங்கிருந்தே எட்டிப் பார்க்கும்.

தென்னையும் பனையும் ஒருவித்திலைக் கூட்டம். தொல்காப்பிய மரபியல் புறத்தே வயிரம் உள்ளவற்றைப் புல் என்றும் அகத்தே வயிரம் உள்ளவற்றை மரம் என்றும் பிரித்தது. அந்தக் கணக்கில் தென்னையும் பனையும் புல். இன்றைய தாவரவியலும் அவற்றைப் புல்லோடு ஒரே பெரும் பிரிவில்தான் வைக்கிறது. இவற்றில் சோறு வித்திலையில் இல்லை, தனியாக இருக்கிறது. அதற்கு முளைசூழ்தசை என்று பெயர். இளநீரும் தேங்காய்ப் பருப்பும் அதுதான். நுங்கும் அதுதான். தேங்காய்க்கு மூன்று கண் இருப்பது மூன்று சூலுக்கு இடமிருந்ததன் அடையாளம். ஆனால் ஒன்றுதான் விதையாகிறது, மூன்றில் இளகிய ஒரு கண் வழியாக மட்டும்தான் முளை வருகிறது. பனையில் மூன்றும் விதையாகலாம். நுங்கு மூன்று கண்ணோடு இருப்பது அதனால்தான்.

முளைத்த பனங்கொட்டையை வெட்டிப் பார்த்திருக்கிறீர்களா? தை மாதம் கிழங்கு பிடுங்கும்போது அம்மா ஒவ்வொரு கொட்டையாக அரிவாளால் இரண்டாகப் பிளந்து கொடுப்பாள். உள்ளே வெள்ளையாக, பஞ்சுபோல, இலேசான இனிப்போடு ஒன்று இருக்கும். தெற்கே அதைத் தவுண் என்பார்கள், யாழ்ப்பாணத்தில் பூரான். தேங்காய் முளைத்தால் உள்ளே வருகிற தேங்காய்ப்பூவும் இதே உறுப்புதான். அது வித்திலையின் ஒரு பகுதி. கடலையில் சோறாக இருந்த வித்திலை, இங்கே சோறு உண்ணும் வாயாக மாறியிருக்கிறது. கல்போல் கெட்டியான பருப்பை மெல்லக் கரைத்து உறிஞ்சி, கீழே இறங்கும் முளைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. சின்ன வயதில் அதற்காக நானும் என் தங்கையும் சண்டை போட்டிருக்கிறோம். அது என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று தெரிய எனக்கு இருபது வயது ஆக வேண்டியிருந்தது.

விதைக்கு உறக்கமும் உண்டு. 2005-ல் இஸ்ரேலில், மசாடா கோட்டை அகழ்வில் கிடைத்த சுமார் 2000 ஆண்டு பழைய பேரீச்சை விதை ஒன்று முளைத்தது. எங்கள் கொத்து ரக மல்லாட்டைக்கோ உறக்கமே கிடையாது. அறுவடை நேரத்தில் நாலு நாள் மழை பிடித்தால், பிடுங்காத செடியிலேயே காய்க்குள் முளைவிட்டுவிடும். கொடி ரக மல்லாட்டை அப்படியில்லை, கொஞ்ச நாள் தூங்கும்.

இப்போது என் கொல்லைக் கதை. ஓய்வு பெற்ற வருடம், குத்தகைக்கு விட்டிருந்த ஒன்றரை ஏக்கரை நானே பயிர் செய்வதென்று இறங்கினேன். திண்ணையில் உட்கார்ந்து உடைக்க ஆள் இல்லை. உடைத்த விதைப் பருப்பையே ஒரு கடையில் வாங்கினேன். கையில் அள்ளிப் பார்த்தேன். நிறம் நன்றாக இருந்தது, பருமனும் இருந்தது. விதைத்தேன். நல்ல ஈரம். எட்டாம் நாள் கொல்லையில் நின்றபோது, சாலில் இங்கொன்றும் அங்கொன்றுமாகத்தான் முளை தெரிந்தது. பாதிக்கு மேல் பொக்கை.

எங்கள் கொல்லையில் வேலை செய்யும் அம்மா ஒருவர் குச்சியால் மண்ணைக் கிளறி, அழுகிக்கொண்டிருந்த பருப்புகளை என் உள்ளங்கையில் வைத்தார். "மூக்கே இல்லையே சார்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. இயந்திரத்தில் போட்டு உடைத்த பருப்பு. உருளையில் அடிபட்டு முளைவேர் உதிர்ந்திருக்கிறது. சோறு அப்படியே இருந்தது, உண்ணும் பிள்ளை இல்லை. கடைக்காரர் மேல் எனக்குக் கோபம் இருந்தது. ஆனால் முளைவேர் என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்ட அதே விரல்கள்தான் அந்தப் பருப்பை அள்ளிப் பார்த்தன. நான் பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்கவில்லை. அந்த அம்மா பள்ளிக்குப் போனதில்லை. அவர் முதலில் பார்த்தது அந்த இடத்தைத்தான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பட்டத்துக்கும் முன்னால் ஒன்று செய்கிறேன். விதைக் குவியலிலிருந்து பொறுக்காமல் நூறு பருப்பு எண்ணி எடுத்து, நனைத்த சாக்கில் வரிசையாக வைத்துச் சுருட்டி, நிழலில் வைக்கிறேன். சாக்கு காயாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டு பத்து நாள் கழித்துப் பிரித்து எண்ணுகிறேன். சான்று பெற்ற கடலை விதைக்கு 70 விழுக்காடு முளைப்பு இருக்க வேண்டும் என்பது அரசு வைத்திருக்கும் அளவு. எழுபதுக்குக் கீழே போனால் அந்த விதை எனக்கு வேண்டாம்.

கொல்லை இல்லாதவர்களிடமும் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. அடுத்த முறை வீட்டில் கடலை உரிக்கும்போது ஒரு பச்சைப் பருப்பை எடுத்துத் தோலை நீக்கி, நகத்தால் மெல்ல இரண்டாகப் பிளந்து பிள்ளையின் கையில் கொடுங்கள். ஒரு பாதியின் நுனியில் அந்த மூக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் உள்பக்கத்தில், இன்னும் விரியாத குட்டி இலைகளை மடித்து வைத்திருப்பது கண்ணுக்கே தெரியும். மூக்கு என்றும் சொல்லிக்கொடுங்கள், முளைவேர் என்றும் சொல்லிக்கொடுங்கள்.